டேப் லைப்ரரிக்கு எந்த பெக்கப் மென்பொருள்? மட்டக்களப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் லினக்ஸ் சேர்வர் பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். ஒருவர் ஏலத்தில் எட்டு ஸ்லொட் (டேப் வைக்கும் இடம்) உள்ள ஓட்டோலோடர், அதாவது டேப்பைத் தானாக மாற்றும் பெட்டி ஒன்றை எடுத்துவிட்டுப் போன் பண்ணுவார். இன்னொருவருக்குக் கொழும்பில் கழித்துவிட்ட டேப் லைப்ரரி லொறியில் வந்து இறங்கியிருக்கும். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது என்ன எழுத்து என்பது இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

சேர், டேப் எல்லாம் பழைய காலத்துச் சாமான்தானே? இப்பவும் ஆராவது பாவிக்கிறாங்களா?

பாவிக்கிறார்கள். எல்டிஓ என்ற காந்த நாடா வகை டேப் 2000ஆம் ஆண்டில் 100 ஜிகாபைட்டோடு வந்தது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்று 18 டெராபைட் கொள்ளும். விலையைவிட இன்னொரு காரணம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ், அலுமாரிக்குள் கிடக்கும் டேப்பைத் தொட முடியாது. கவனியுங்கள், அலுமாரிக்குள் என்றுதான் சொல்கிறேன். லோடருக்குள் கிடக்கும் டேப்பை, சேர்வரில் ரூட் என்ற முழு அதிகாரம் பிடித்தவன் ஒரே கட்டளையில் அழித்துவிடுவான்.

உங்களிடம் இருப்பது மொத்தமே இரண்டு மூன்று டெராபைட் என்றால் டேப் பக்கம் வரவே வேண்டாம். இரண்டு வெளி டிஸ்க் வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள்.

ஓட்டோ சேஞ்சர் எண்டா உள்ளுக்கு என்னதான் நடக்குது?

சேஞ்சர், லோடர், லைப்ரரி எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான்: ஒரு பெட்டிக்குள் இரண்டு சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று டிரைவ், டேப்பை வாசித்து எழுதுவது. மற்றது ரோபோ, ஸ்லொட்டிலிருந்து டேப்பை எடுத்து டிரைவுக்குள் வைப்பது. லினக்ஸ் இவற்றை இரண்டு வெவ்வேறு சாதனங்களாகவே பார்க்கும். ரோபோவை அசைக்க எம்டிஎக்ஸ் என்ற கட்டளை, டிரைவுக்குள் டேப்பை முன்னும் பின்னும் ஓட்ட எம்டி. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயக்கமுறைமையில் எம்டிஎக்ஸின் வேலையை சியோ செய்யும். பெக்கப் மென்பொருள்கள் அடியில் செய்வதும் இதேதான்: எந்த டேப் எந்த ஸ்லொட்டில் என்று நினைவு வைத்து, நேரத்துக்கு ரோபோவைக் கூப்பிடுவது.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரே டிரைவுக்கு எஸ்டி0, என்எஸ்டி0 என இரண்டு பெயர்கள் உண்டு. முதலாவது, வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அதைப் பாவித்து இரவு மூன்று பெக்கப் எழுதினால் காலையில் மூன்றாவது மட்டுந்தான் மிச்சம். எப்போதும் என்எஸ்டி.

எல்டிஓ5 லோடர் ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமா?

கையில் இருக்கும் பழைய டேப்புகளைப் பொறுத்தது. எல்டிஓவுக்குப் பின்னால் வரும் இலக்கம் அதன் தலைமுறை. ஏழாம் தலைமுறை வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு இரண்டு தலைமுறை முந்திய டேப்பை வாசிக்கும், ஒரு தலைமுறை முந்தியதில் எழுதவும் செய்யும். எட்டில் அந்த வழக்கம் உடைந்தது. எல்டிஓ8 டிரைவுக்கு எல்டிஓ7, எல்டிஓ8 மட்டுந்தான் தெரியும். எல்டிஓ6 டேப்பை உள்ளே விட்டால் துப்பிவிடும். ஒன்பதுக்கு எட்டும் ஒன்பதும் மட்டும்.

எல்டிஓ5 டேப்பில் 1.5 டெராபைட், எல்டிஓ6இல் 2.5, எல்டிஓ7இல் 6. நமது ஊரில் ஓர் அலுவலகத்துக்கு எல்டிஓ6 அல்லது 7 போதும் என்பது என் எண்ணம். எல்டிஓ9 வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: புது டேப்பை முதல்முறை போடும்போது டிரைவ் தன்பாட்டில் அதைச் சரிசெய்துகொள்ளும். அதற்குச் சராசரி 40 நிமிடம், சிலவேளை இரண்டு மணித்தியாலம் வரை பிடிக்கும். மென்பொருளின் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், டிரைவ் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பீர்கள்.

இதுக்கெல்லாம் ஏன் தனி மென்பொருள்? டார் போதாதா?

டார் என்பது கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் யுனிக்ஸ் கட்டளை. ஒரு சேர்வர், எட்டு ஸ்லொட் என்றால் அது போதும். எம்டிஎக்ஸால் டேப்பை ஏற்று, டாரால் எழுது, பிறகு இறக்கு. இருபது வரி ஸ்கிரிப்ட். நான் பார்க்கும் இடம் ஒன்றில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. இந்த வழியின் பெரிய பலம், உலகத்தின் எந்த யுனிக்ஸ் இயந்திரத்திலும் அந்த டேப்பை வாசிக்கலாம் என்பது.

ஸ்கிரிப்ட் எங்கே படுக்கும் என்றால், தரவு ஒரு டேப்புக்கு மேல் போகும் அன்று. அதோடு, போன தைப்பொங்கலுக்கு முந்திய ஒரு ஃபைல் எந்த டேப்பில் இருக்கிறது என்று மேலதிகாரி கேட்கும் அன்று. டாரிடம் பட்டியல் கிடையாது. முழு டேப்பையும் ஓடவிட்டுத் தேடவேண்டும். சேர்வர் நாலைந்துக்கு மேல் போனால் ஸ்கிரிப்ட்டை விட்டுவிடுங்கள்.

அமண்டா, பாக்குலா, பாரியோஸ் எண்டு மூண்டு பேர் சொல்றாங்க. எது நல்லம்?

மூன்றுமே இலவசம், மூன்றுக்கும் சேஞ்சர் தெரியும். ஆனால் குணம் வேறு. எழுதும்போது எது வசதி என்று பார்க்காமல், எல்லாம் போன பிறகு வாசிக்க எது வசதி என்று பார்த்துத்தான் நான் தெரிவு செய்வேன்.

அமண்டா அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அது தனக்கென்று ஓர் அமைப்பில் எழுதாது. டார் அல்லது டம்ப் என்ற இன்னொரு பெக்கப் கட்டளையைக் கூப்பிட்டு எழுதவைக்கும். டேப்பில் ஒவ்வொரு பெக்கப்பின் முன்னாலும் 32 கிலோபைட் தலைப்பு ஒன்று இருக்கும். அதைத் திரைக்குக் கொண்டுவந்தால், எந்த இயந்திரம், எந்தத் திகதி, இதை மீட்க எந்தக் கட்டளையைத் தட்டவேண்டும் என்பது வரை எழுதியிருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது, எழுதிய ஆள் நம்மைப்போல நடு இரவில் சேர்வர் அறையில் நின்றவர்தான் என்று தோன்றியது. எந்த நாள் முழுப் பெக்கப், எந்த நாள் மாற்றம் மட்டும் என்பதையும் அமண்டாவே பங்குபோட்டுக்கொள்ளும். ‘வெள்ளிக்கிழமைதான் முழுசு எடுக்கணும்’ என்று அடம்பிடிப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

பாக்குலா 2000இல் தொடங்கி 2002இல் வெளிவந்தது. அதில் வேலை பிரிந்திருக்கும்: கட்டளையிட ஒரு டைரக்டர், டேப்பைப் பார்க்க ஒரு ஸ்டோரேஜ் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்), ஒவ்வொரு சேர்வரிலும் ஒரு ஃபைல் டீமன், எல்லாக் கணக்கையும் வைக்க ஒரு தரவுத்தளம். அந்தத் தரவுத்தளத்தைக் கட்டலொக் என்பார்கள். எந்த ஃபைல் எந்த டேப்பில் என்று கேட்ட உடனே சொல்லும். பாரியோஸ் அதிலிருந்து 2010இல் பிரிந்த கிளை. இன்றைய பாரியோஸுக்குத் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்தான். புதிதாகத் தொடங்குபவருக்குப் பத்துச் சேர்வர் இருந்தால் பாரியோஸ் என்பேன், நாலைந்து இருந்தால் அமண்டா. அமைப்புக் கோப்புகளைப் படிக்க இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஒரே பின்னேரத்தில் முடித்தேன் என்று சொன்ன எவரும் பிறகு ஒழுங்காக மீட்டு நான் பார்க்கவில்லை.

போர்க், ரெஸ்டிக் எல்லாம் நல்லம் எண்டு சொல்றாங்களே?

பெக்கப் மென்பொருளாக நல்லவைதான், டிஸ்குக்கு. அவை நினைத்த இடத்துக்குப் பாய்ந்து வாசிக்க வேண்டியவை. டேப் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவது. இரண்டும் சேராது.

காசு குடுத்து வாங்கிறது பாதுகாப்பு இல்லையா?

சில இடங்களில் வேறு வழியில்லை. ஓரக்கிள் தரவுத்தளம், பெரிய லைப்ரரி, ஐம்பது சேர்வர் என்று வந்தால் நெட்பெக்கப், நெட்வேர்க்கர், ஐபிஎம்மின் ஸ்டோரேஜ் புரொடெக்ட் போன்றவைதான் பேச்சு. வாங்குமுன் லைசன்ஸ் எதைக் கொண்டு எண்ணப்படுகிறது என்று கேளுங்கள். டிரைவா, ஸ்லொட்டா, சேர்வரா, டெராபைட்டா? அடுத்த வருடம் தரவு இரட்டிப்பானால் என்ன தொகை வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெயர்களும் கைமாறும். நெட்வேர்க்கர் முதலில் லெகாட்டோவுடையது, பிறகு இஎம்சி, இப்போது டெல். ஐபிஎம்முடையது ஏடிஎஸ்எம், டிவோலி, ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்று பெயர் மாற்றியே வந்திருக்கிறது. நெட்பெக்கப் 2024 டிசம்பரில் வெரிட்டாஸிடமிருந்து கோஹீசிட்டியிடம் போனது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு பழைய டேப்பை வாசிக்க அனுமதி இருக்குமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

எங்கட லோடரை மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ளுமா? வாங்கிப்போட்டு மறுகா முழிக்கேலாது.

ஒழுங்கு இதுதான். முதலில் இயக்கமுறைமைக்கு அது தெரியவேண்டும். எல்எஸ்ஸ்கஸி கட்டளையில் டேப் என்று ஒரு வரியும் மீடியம்எக்ஸ் என்று ஒரு வரியும் வரவேண்டும். டேப் மட்டும் வந்தால் ரோபோ தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் லோடரைச் சேர்வரோடு இணைக்கும் அட்டையில்தான் கோளாறு. டிஸ்குக்கான ரெய்ட் அட்டையில் கொழுவாமல் சாதாரண எஸ்ஏஎஸ் அட்டையில் கொழுவுங்கள். அடுத்தது எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ். அது ஸ்லொட் பட்டியலைக் காட்டினால் மேலே சொன்ன மூன்று இலவச மென்பொருளும் அந்த லோடரோடு பேசும். காட்டாவிட்டால் ஒன்றும் பேசாது, எவ்வளவு பெரிய மென்பொருளானாலும்.

சாதனப் பெயரை என்எஸ்டி0 என்று அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள். இரண்டு டிரைவ் இருந்தால் ஒரு ரீபூட்டில் 0 ஒன்றாகும், ஒன்று 0 ஆகும். டெவ், டேப், பைஐடி அடைவுக்குள் தொடர் இலக்கத்தோடு நிலையான பெயர் இருக்கும், அதைக் கொடுங்கள்.

லோடர் வருமுன்னே பழக விரும்பினால் எம்எச்விடிஎல் என்று ஒன்று இருக்கிறது. லினக்ஸுக்குள் பொய்யாக ஒரு டேப் லைப்ரரியை உண்டாக்கும். ஸ்லொட், ரோபோ, பார்கோட் எல்லாம் உண்டு. மடிக்கணினி ஒன்றில் அதைப் போட்டு மூன்று மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். எதன் செய்தி உங்களுக்கு விளங்குகிறதோ அது உங்களுக்குச் சரியானது.

டிரைவ் நிண்டு நிண்டு ஓடுது, கர்ர் கர்ர் எண்டு சத்தம். பழுதா?

பசி. எல்டிஓ6 டிரைவ் செக்கனுக்கு 160 மெகாபைட் விழுங்கும். ஒரு ஜிகாபிட் நெட்வேர்க்கில் நடைமுறையில் 110 அளவில்தான் வரும், சின்னச் சின்ன ஃபைல் இலட்சக்கணக்கில் இருந்தால் 20கூட வராது. தரவு வராதபோது டேப் நின்று, பின்னால் சுற்றி, திரும்ப ஓடத் தொடங்கும். டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கும், அதற்கும் எல்லை உண்டு. இப்படியே விட்டால் டேப்பும் டிரைவின் வாசிக்கும் தலையும் தேயும்.

மருந்து, நடுவில் ஒரு டிஸ்க். அமண்டாவில் ஹோல்டிங் டிஸ்க், பாக்குலாவிலும் பாரியோஸிலும் ஸ்பூல். வேகமான எஸ்எஸ்டி ஒன்றில் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் டேப்புக்குத் தள்ளும்.

பெட்டியில 6.25 டெராபைட் எண்டு போட்டிருக்கு, 2.5க்கு மேல ஏறுதில்லையே?

அது சுருக்கிய கணக்கு. எல்டிஓ6 முதல் 2.5 மடங்கு சுருங்கும் என்று எடுத்துக்கொண்டு அச்சடிக்கிறார்கள். படம், வீடியோ, ஸ்கேன் பண்ணிய பிடிஎப் எதுவும் அப்படிச் சுருங்காது. பெட்டியில் உள்ள சின்ன எண்ணைத்தான் நம்பவேண்டும்.

பார்கோட் ஸ்டிக்கர் கட்டாயமா? நாங்களே பிரிண்ட் எடுத்து ஒட்டலாமா?

பார்கோட் இல்லாவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு டேப்பையும் டிரைவுக்குள் ஏற்றித்தான் பெயரை வாசிக்கும். எட்டு டேப்புக்கு அரை மணித்தியாலம் போய்விடும். ஒட்டியிருந்தால் ரோபோ ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் வாசித்துவிடும். ஆறு எழுத்து அல்லது இலக்கம், அதன்பின் எல்6, எல்7 என்று தலைமுறைக் குறி. துப்புரவு டேப் சிஎல்என் என்று தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதில் எழுதப் பார்க்கும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். சாதாரண ஏ4 தாளில் அச்சடித்துப் பசை போட்டு ஒட்டினேன். மாரி ஈரத்தில் ஒரு மூலை கிளம்பி, ரோபோவின் பிடி அதில் மாட்டி, டேப் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. மூடியைக் கழற்றி விரலால் இழுக்கவேண்டி வந்தது. இதற்கென்றே விற்கிற ஸ்டிக்கரை வாங்குங்கள், அதற்குரிய பள்ளத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா?

கடைசியாக முடிந்த பெக்கப் வரைக்கும் பெரும்பாலும் தப்பும், ஓடிக்கொண்டிருந்தது போகும். கரண்ட் திரும்பியதும் லோடர் தானாக ஸ்லொட்டுகளை எண்ணும். டேப் டிரைவுக்குள்ளேயே இருக்கும். பாக்குலா, பாரியோஸ் இரண்டும் டேப்பில் உள்ள எண்ணிக்கையைக் கட்டலொக்கோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அந்த டேப்பைப் பிழை என்று குறித்து ஒதுக்கிவிடும். பயப்படவேண்டாம். அதில் இருப்பதை வாசிக்கலாம், மேலே எழுதமாட்டாது, அவ்வளவுதான். சேர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டு லோடரைச் சுவர் பிளக்கில் விடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கவேண்டும்.

டேப்பை எங்க வைக்கிற? கடற்கரைப் பக்கம் ஈரம்தானே.

நீண்டகாலம் வைக்க 16 முதல் 25 பாகை வரை வெப்பம், 20 முதல் 50 வீதம் வரை ஈரப்பதம். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஏ.சி. இல்லாத அறையில் இது கிடைக்காது. அதைவிடக் கெடுதல், பகலில் ஏ.சி. போட்டு இரவில் நிறுத்துவது.

ஒரு டிசம்பரில் சேர்வர் அறையிலிருந்து நாலு டேப்பை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போய் மேசையில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் உறை, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வேர்த்துவிட்டது. உறையை மூடியபடி ஒரு நாள் முழுக்க விட்டுப் பிறகுதான் திறந்தேன். அதிலிருந்து, இடம் மாறிய டேப்பை 24 மணித்தியாலம் கழியாமல் டிரைவுக்குள் விடுவதில்லை.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்பது நமக்குச் சின்னக் கேள்வி இல்லை. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியும் 2011 ஜனவரி வெள்ளமும் பார்த்த ஊர். வாவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தால் அது இரண்டு இடம் ஆகாது. கரையோரத்தில் இல்லாத, உயரமான இடம் வேண்டும். செங்கலடிச் சந்தியில் கிறுகி பதுளை வீதியால் மேலே போனால் குளிரும் உயரமும் இரண்டும் கிடைக்கும். அங்கே கிளை அலுவலகம் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பெக்கப் சேர்வரே செத்துப்போனா டேப்பை எப்படி வாசிக்கிற?

இதை முதல் கேள்வியாகக் கேட்பவர்கள் குறைவு. டாரும் அமண்டாவும் எப்படி என்று மேலே சொல்லிவிட்டேன். பாக்குலா, பாரியோஸ் டேப்பை அவற்றின் கருவிகளால்தான் வாசிக்கலாம். பிஎல்எஸ் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும், பிஎக்ஸ்ட்ராக்ட் வெளியே எடுக்கும், இரண்டுக்கும் கட்டலொக் தேவையில்லை. பிஸ்கேன் டேப்பை வாசித்துக் கட்டலொக்கைத் திரும்பக் கட்டும்.

ஓர் அலுவலகத்தில் பெக்கப் எடுக்கவேண்டிய சேர்வரிலேயே கட்டலொக்கையும் வைத்திருந்தார்கள். டிஸ்க் போனது, இரண்டும் ஒன்றாய்ப் போனது. பதினொரு டேப். எதில் எது என்று யாருக்கும் தெரியாது, உறையில் பேனையால் எழுதியிருந்ததும் அழிந்திருந்தது. ஒவ்வொன்றாய் ஏற்றி பிஸ்கேன் ஓட்டினேன். டேப் ஒன்றுக்கு நாலைந்து மணித்தியாலம். மூன்று நாள் அந்த அறையில் பாய் போட்டுப் படுத்தேன். எல்லாம் கிடைத்தது. ஆனால் இரவு முடிவில் கட்டலொக்கையும் ஒரு பெக்கப்பாக எழுதி, மீட்புக் குறிப்புக் கோப்பை வேறோர் இடத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அரை நாள் வேலை. இரண்டு மென்பொருளின் மாதிரி அமைப்பிலும் அந்த வேலை எழுதியே வருகிறது. பலர் அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

ஐபிஎம் முறையில் இது இன்னும் கூர்மையானது. ஒருமுறை முழுசு, பிறகு என்றென்றைக்கும் மாற்றம் மட்டும் என்பதால் தரவுத்தளம் போனால் டேப்புகள் வெறும் பிளாஸ்டிக்.

மூண்டு மாசத்துக்கு முந்திய ஃபைல் ஒண்டைத் தேடினா பாக்குலாவில இல்ல. டேப் இருக்கு, அழியல்ல. என்ன நடந்த?

கட்டலொக்கின் மறதி. ஃபைல் பட்டியலை வைத்திருக்கும் காலம் சும்மா விட்டால் 60 நாள், வேலைப் பதிவு 180 நாள். டேப்பை ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்லிவிட்டு இந்த இரண்டையும் மாற்றாமல் விட்டால், தரவு டேப்பில் இருக்கும், பெயர் பட்டியலில் இருக்காது. அந்த வேலையை முழுதாக மீட்டு ஃபைலைப் பொறுக்கலாம், அல்லது மேலே சொன்ன பிஸ்கேன். இனிமேலாவது மூன்று காலத்தையும் ஒன்றாக்குங்கள். டிஸ்க் கொஞ்சம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை.

ஸ்லொட் அஞ்சில டேப்பைக் கண்ணால காணுறன். மென்பொருள் இல்ல எண்டுது.

கையால் டேப்பை மாற்றியிருப்பீர்கள். பாக்குலா, பாரியோஸ் என்றால் அவற்றின் கட்டளைத் திரையான பிகொன்சோலில் அப்டேட் ஸ்லொட்ஸ் கொடுங்கள். அமண்டா என்றால் அதன் டேப் கட்டளையில் இன்வென்டரி. அதற்கும் வராவிட்டால் எம்டிஎக்ஸைக் கேளுங்கள். அதற்கும் தெரியாவிட்டால் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

டேப்பைப் பூட்டி வைக்கலாமா? களவு போனா?

எல்டிஓ4இலிருந்து டிரைவே ஏஇஎஸ் 256 என்ற குறியாக்க முறையில் பூட்டும், வேகம் குறையாது. பாரியோஸும் அமண்டாவும் மென்பொருளாகவும் பூட்டும். சாவியை எங்கே வைப்பீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு பூட்டலாம். சாவி அந்தச் சேர்வரிலேயே இருந்தால் பதினொரு டேப் கதையைவிட மோசம். அதற்கு பிஸ்கேன்கூட உதவாது. நான் அச்சடித்து, உறையில் போட்டு, இரண்டு பேரிடம் கொடுத்துவைப்பேன்.

பத்து வருஷம் வைக்கவேண்டிய பதிவு இருக்கு. பாரியோஸ்லயே விடவா?

விடவேண்டாம். பத்து வருடத்தில் அந்த மென்பொருளின் எத்தனை பதிப்பு கடந்திருக்கும், அதை நிறுவிய தம்பி எந்த நாட்டில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும். அப்படிப்பட்டதை வருடத்துக்கு ஒருமுறை வெறும் டாராகத் தனி டேப் இரண்டில் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டு, பாதுகாப்புத் தாவலைத் தள்ளி, மேலே எழுதமுடியாதபடி பூட்டுவேன். உறைக்குள் ஒரு தாள் வைப்பேன்: திகதி, எல்டிஓ எத்தனை, எந்த பிளொக் அளவு, பிரிக்கத் தட்டவேண்டிய கட்டளை. பென்சிலால், ஏனென்றால் பேனை மை ஈரத்தில் ஊறும். தலைமுறை எட்டுக்குத் தாவும்போது பழைய டிரைவை விற்கவும் மாட்டேன். என் எல்டிஓ6 டிரைவ் ஒன்று துணியில் சுற்றி, உலர்த்தும் மணிப் பொட்டலத்தோடு அலுமாரியில் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொழுவி, அந்த டேப்பில் ஒன்றை ஓடவிட்டுப் பார்ப்பேன்.